கொல்லைக்கு வந்த கேடு

'தோட்டத்தைப் புதுப்பிக்கிறோம்' என்று யாரேனும் சொல்லக் கேட்டால் இப்போதெல்லாம் நமக்கு நெஞ்சு பதைக்கிறது. ஸ்ரீமுஷ்ணத்தில், நாம் அறிந்த நான்கைந்து தெருக்களில் மட்டும், இந்த ஒரு சொல் செய்திருக்கும் அழிவைத் தானே புயல்கூடச் செய்யவில்லை. இது உயர்வு நவிற்சி என்று நண்பர்கள் அணியிலக்கணத்தைத் தூக்கிக்கொண்டு வரலாம். வரட்டும். 2011 டிசம்பர் 30 அன்று காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த அப்புயல் மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது உண்மையே. ஆயினும் புயல் மண்ணுக்குள் இருந்த கிழங்கைத் தோண்டி எறியவில்லை. ஒடிந்த முருங்கையின் அடிக்கட்டையை விட்டுவைத்தது. கட்டை பின்னர் துளிர்த்தது. போகிற போக்கில் மண்ணின்மேல் சிமெண்டுக் கல்லைப் பாவிவிட்டுப் போகவுமில்லை.

நம் காலத்துப் 'புதுப்பித்தல்' எவ்வாறு நடக்கிறது? முதலில் பொக்லைன் வருகிறது. கிணற்றடி வாழைக் கட்டை, வேலியோர ஆடாதொடை, பாட்டி வைத்த பவழமல்லி, மருதாணி, நந்தியாவட்டை, இன்னதென்று பெயர் தெரியாத பத்துப் பதினைந்து செடிகள் ஆகிய அனைத்தும் ஒரே முற்பகலில் ஒரு டிராக்டர் சுமையாகிவிடுகின்றன. பிறகு 'லெவல்' செய்கிறார்கள். முக்கால் பங்கு இடத்துக்குப் பேவர் பிளாக். எஞ்சிய கால் பங்கில் சுருட்டிக் கொண்டுவந்த புல்பாய், நான்கு குரோட்டன்ஸ், சுவரோரமாய் வரிசைக்குக் கோனோகார்பஸ். அந்தக் கோனோகார்பஸை, மகரந்தம் ஒவ்வாமை தருகிறது, வேர் குழாய்களைக் கெடுக்கிறது என்னும் காரணங்களால் குஜராத் அரசு 2023இலும் தமிழ்நாடு அரசு 2025இலும் நடக்கூடாதென்று தடுத்துவிட்டன. அதற்குள் நம் தெருவில் அது மாடி உயரம் வளர்ந்து நிற்கிறது! 2003இல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்துக்காக ஒரு மூலையில் குழி தோண்டி வைத்திருக்கிறார்கள். அக்குழிக்கு வரவேண்டிய நீர் பேவர் பிளாக்கின்மேல் வழுக்கிக்கொண்டு தெருச் சாக்கடைக்குப் போய்ச் சேர்கிறது.

இதற்குப் பெயர் புதுப்பித்தலாம். ஓர் ஏட்டுச்சுவடியைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லி அதை எரித்துவிட்டு, அவ்விடத்தில் வழவழப்பான நாட்குறிப்பேடு ஒன்றை வைப்பவரை நாம் பதிப்பாசிரியர் என்று அழைப்போமா?

ஆண்டுக்கு ஒருமுறை விதைத்து அறுத்து முடிப்பதை ஓராண்டுப் பயிர் என்றும், வேரோ கிழங்கோ தண்டோ நிலைத்து நின்று மீண்டும் மீண்டும் தழைப்பதைப் பல்லாண்டுப் பயிர் என்றும் தாவரவியலார் தமிழில் வழங்குகின்றனர். எவர் ஆக்கினாரோ அறியோம், நல்ல சொல்லாக்கம். 'பல்லாண்டு' என்ற மாத்திரத்தில் வைணவத்தலத்து வாசகருக்குப் பெரியாழ்வார் நினைவுக்கு வராமலிரார். அவர் வில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து மாலை கட்டியவர். அரங்கத்துத் தொண்டரடிப்பொடியாரும் அவ்வாறே. திருமலையில் அனந்தாழ்வான், சைவத்தில் திருப்புகலூர் முருக நாயனார் என்று பட்டியல் நீளும். இவர்கள் செய்த தொண்டு ஒருநாள் பூப்பறிப்பு அன்று. நாள்தோறும் பூ வேண்டுமானால், ஆண்டின் ஒவ்வொரு பொழுதுக்கும் ஏதேனும் ஒன்று பூக்குமாறு செடிகளை வைத்து, வெட்டி, பிரித்து, மாற்றி நட்டுக் காக்க வேண்டும். நந்தவனம் என்பது பல்லாண்டுத் தோட்டத்தின் தமிழ்ப் பெயர்களுள் ஒன்று. மற்றொரு பெயர் கொல்லை. முன்னதற்குக் கிடைத்த மதிப்பு பின்னதற்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. அங்கே உழைத்தவர்கள் பெண்கள் என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

இனி, நம் சினத்துக்கு முதற்காரணமான செய்திக்கு வருவோம். அது நாட்காட்டி.

தோட்டக்கலை பற்றி இன்று தமிழில் வரும் குறிப்புகளிற் பெரும்பகுதி, காணொளிகளும் சேர்த்தே, ஆங்கில நாட்டுத் தோட்டத்துக்கு எழுதப்பட்டவற்றின் மொழிமாற்றம். அங்கே பல்லாண்டுச் செடிகள் குளிரில் உறங்குகின்றன. ஆகவே இலையுதிர்காலத்தில் வெட்டு, குளிர்காலத்தில் மூடிவை, மார்ச்சு மாதத்தில் மண்ணைக் கிளறிப் பிரித்து நடு என்பார்கள். அவர்கள் மண்ணுக்கு அது முற்றும் சரி. நம்மூரில் மார்ச்சு என்பது மாசி பாதி, பங்குனி பாதி. பூவராகர் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளித் திரும்பியபின் வெயில் ஏறத் தொடங்கும் நேரம். அப்போது கிழங்கைப் பிரித்து நட்டவர் சித்திரையில் அதற்குப் பால் தெளிக்கலாம். தண்ணீர் தெளித்துப் பயனில்லை.

நம் செடிகள் குளிருக்கு உறங்குவதில்லை, வறட்சிக்கு உறங்குகின்றன. இவ்வொரு வேறுபாட்டை அறியாததால் நிகழும் கொலைகள்தாம் எத்தனை! செங்காந்தளை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் மாநில மலர். கலப்பை வடிவில் கிழங்கு இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும், கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப் பூ என்றும் பெயர். ஆடி ஆவணி ஈரத்தில் முளை விட்டு, இலைநுனியையே பற்றுக்கம்பியாக்கி வேலியில் ஏறி, பசுமஞ்சளாய் விரிந்து, நாள் செல்லச் செல்லச் செந்தீயாய் மாறும். பனிக்காலம் முடியுமுன் கொடி காய்ந்து மடிந்துவிடும். பிறகு ஆறு மாதம் மண்ணின்மேல் அதற்கு அடையாளமே இராது. பங்குனியில் வருகிற 'புதுப்பிப்பவர்' அவ்விடத்தை வெறுங்கட்டாந்தரை என்று எண்ணிக் கடப்பாரையைப் போடுகிறார். (கிழங்கு கடும் நஞ்சு. சிறுவர் உள்ள வீட்டார் வேலிக்கு அப்பால் வைப்பதே நன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.) கருணை, சேம்பு, மஞ்சள் ஆகியவற்றின் கதையும் ஏறத்தாழ இதுவே. முதுவேனிலில் நம் கொல்லை பார்வைக்குச் செத்துக் கிடக்கும். அப்போது அதைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவர், நடுநிசியில் வந்து ஊரில் ஆளே இல்லை என்று அறிக்கை கொடுக்கும் அதிகாரியைப் போன்றவர்.

இத்தனைக்கும் இந்த மண்ணுக்குரிய நாட்காட்டி நம்மிடம் இல்லாமற் போகவில்லை. ஆவணி புரட்டாசி கார், ஐப்பசி கார்த்திகை கூதிர், மார்கழி தை முன்பனி, மாசி பங்குனி பின்பனி, சித்திரை வைகாசி இளவேனில், ஆனி ஆடி முதுவேனில். ஆண்டு காரில் தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இது அகப்பாடல்களுக்கான அலங்காரம் என்று எண்ணுவோர் கையில் மண் படாதவர்கள். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. நம் மாவட்டம் போன்ற கடலோரப் பகுதிகளில் அதற்கும் மேல். காரில் தொடங்கும் மழை கூதிரில் முற்றி, முன்பனியில் ஓய்கிறது. ஆகவே நம் தோட்டத்தின் புத்தாண்டு ஆவணி. செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை, மருதாணிப் போத்துகளை அப்போது நட்டால் தை பிறப்பதற்குள் வேரூன்றிவிடும். கூதிரில் எதையும் கொத்தலாகாது. நீர் தேங்காமல் வாய்க்கால் விடுவதொன்றே வேலை. குண்டுமல்லியைக் கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு வெட்ட வேண்டும். முல்லைக்குத் தை. வெட்டும்போது கை கூசும். கூசினால் பங்குனியில் பூ இல்லை.

பள்ளிப் பாடநூலிலும் புதுக்கவிதையிலும் உலவும் 'இலையுதிர்காலம்' என்னும் விந்தைப் பிராணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்டோபர் மாதத்தில் இலை உதிர்வதாக எழுதுகிற நம் கவிஞர்கள் அக்டோபரில் எந்த ஊரில் இருக்கிறார்களோ தெரியவில்லை. ஸ்ரீமுஷ்ணத்து அரசமரம் அப்போது மழையில் நனைந்து பச்சைப்பசேலென்று நிற்கும். அது இலை உதிர்ப்பது பின்பனியில். உதிர்த்த சூட்டோடு செந்தளிர் விடும். அந்தச் சருகு சும்மா விழுவதன்று. வேனில் வருமுன் வேர்மேல் போர்த்துவதற்கென்றே காலம் அளித்த மூடாக்கு. பல்லாண்டுச் செடியின் அடியில் ஒரு சாண் உயரம் சருகைக் குவித்துவைத்தால் சித்திரைத் தண்ணீரில் பெரும்பங்கு மிச்சம். நாம் என்ன செய்கிறோம்? கூட்டிப் பெருக்கித் தெருமுனையில் கொளுத்துகிறோம். கொளுத்திவிட்டு, பையில் அடைத்த தேங்காய் நார்த்தூளைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பூவராகர் கோயில் உள்ள ஊரில் இருந்துகொண்டு இதையெல்லாம் பார்க்க நேர்வது இன்னும் வேதனை. நீரில் அமிழ்ந்த நிலமகளை மேலே கொணர்ந்த கோலத்துக்கு இங்கே கோயில். வராகரின் வேர்வை நித்திய புஷ்கரணியாயிற்று, கண்களிலிருந்து அரசும் துளசியும் தோன்றின என்கிறது தலபுராணம். தலபுராணங்களை எவ்வளவு நம்புவது என்பது வேறு வழக்கு. மண், குளம், ஒரு மரம், ஒரு செடி என்று நான்கையும் சேர்த்து ஓர் ஊரின் பிறப்பைச் சொல்லத் தெரிந்தவர்களின் வழியில் வந்தவர்கள், இன்று அந்த மண் மூச்சுவிட ஒரு சாண் இடம் விடாமல் மூடுகிறார்கள். துளசிமாடம் இருக்கிறது, கிரானைட்டுக் கல் ஒட்டிய மாடம். துளசிதான் இரண்டு மாதத்துக்கொருமுறை நர்சரியிலிருந்து வருகிறது.

கோரையின் செய்தி இதனினும் சுவையானது. கோரைக்கிழங்கு மாவுருண்டை பூவராகருக்கு நிவேதனமாவதை ஊரார் அறிவர். பன்றி கிளறித் தின்னும் கிழங்கு ஆண்டவனுக்கே படையலாயிற்று. சித்த மருத்துவத்திலும் முத்தக்காசு என்னும் பெயரில் அதற்கு இடமுண்டு. அதே கோரையை, 1977இல் வெளியான களைகள் பற்றிய புகழ்பெற்ற ஆங்கில நூலொன்று உலகின் களைகளுள் முதலிடத்தில் வைத்தது. இரண்டும் மெய். கோரை ஒரு பல்லாண்டுப் பூண்டு. மண்ணுக்குள் கிழங்குகள் மணிமாலைபோல் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கும். மாலை அறுபடாதவரை பல கிழங்குகள் உறங்கும். மண்வெட்டியால் கொத்தி அறுத்தால் ஒவ்வொரு மணியும் தனித்தனியே விழித்துக்கொள்ளும். அதாவது, பொக்லைன் விட்டுப் 'புதுப்பித்த' கொல்லையில் அடுத்த மழைக்குக் கோரை முன்னிலும் பன்மடங்காகும். உடனே களைக்கொல்லிக் குப்பி வருகிறது. கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர் வழியன்றி எவரும் பயன்படுத்தலாகாதென்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் அறிவித்ததையும் மீறி அக்குப்பி கொல்லைக்குக் கொல்லை கைமாறுகிறது. தெளித்ததும் மேலுள்ள பச்சை கருகும். உறங்கும் கிழங்கு உறங்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் சலித்துப்போய் 'சிமெண்டே போட்டுவிடலாம்' என்ற முடிவுக்கு வருகிறார்.

கோரைக்குப் பகை நிழல். வெயிலில் கொழிக்கும் அப்பூண்டு நிழலில் நலிந்துபோகும். வாழையும் கருணையும் சேம்பும் அடர்ந்த பழைய கொல்லையில் கோரை ஓரமாய் ஒதுங்கிக் கிடந்ததன் காரணம் இதுவே. அதை நம் பாட்டிமார் எந்தப் பட்டமும் பெறாமல் அறிந்திருந்தார்கள். அடுக்களைக் கழுநீர் வாழைக்கு, வாழை நிழல் சேம்புக்கு, குலை தள்ளிய தாய்மரத்தை வெட்டிப் பக்கக்கன்று ஒன்றை மட்டும் விடுவது, வெட்டிய மரத்தைத் துண்டாக்கி அங்கேயே மட்க விடுவது. புதுப்பித்தல் என்றால் இது. சம்பங்கிக் கிழங்கை மூன்றாண்டுக்கொருமுறை தோண்டிப் பிரித்து வேறிடத்தில் நடுவதும், நூற்புழு கண்ட கனகாம்பரத்தைப் பழைய பாத்தியில் மீண்டும் வைக்காமல் இடம் மாற்றுவதும், காய்த்து ஓய்ந்த முருங்கையை இடுப்பளவில் தறித்து வெட்டுவாயில் சாணம் அப்புவதும் புதுப்பித்தலே. ஒன்றை எடுத்தால் ஒன்று நிற்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுப்பது என்பது அந்த முறையில் கிடையவே கிடையாது.

நம் தமிழ்த்துறைகளை இவ்விடத்தில் விட்டுவிட்டுப் போக மனமில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் மாணவர்களைப் போட்டி வைத்துப் பரிசளிக்கிறோம். நல்லதே. பரிசு பெற்றவரைக் கல்லூரி மதிலோரம் அழைத்துச் சென்று 'இது என்ன செடி?' என்று கேட்கத் துணிந்த ஆசிரியர் எத்தனை பேர்? சங்க இலக்கியத் தாவரங்களை அடையாளம் காட்ட பி.எல்.சாமியும் கு.சீநிவாசனும் பெருநூல்கள் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அவை நூலகத்தில் தூங்குகின்றன. நாம் அறிந்த ஒரு கல்லூரியில் (பெயர் எதற்கு?) மதிப்பீட்டுக் குழு வருகிறதென்று, இருபதாண்டாய் நின்ற நந்தியாவட்டையையும் செம்பருத்தியையும் ஒரே வாரத்தில் பறித்தெறிந்து, வாடகைக்குத் தொட்டிச்செடி கொண்டுவந்து அடுக்கினார்கள். குழு பாராட்டிச் சென்றது. மறுநாள் தொட்டிகள் வண்டியேறின. அன்று தொட்டு அவ்விடம் இருசக்கர வாகன நிறுத்துமிடம். அதே கல்லூரியில் அவ்வாண்டு முல்லைக்குத் தேரீந்த பாரியைப் பற்றிப் பட்டிமன்றம் நடந்தது. பாரிதான் வென்றான் என்று கேள்வி.

இரு தரப்பிலிருந்து மறுப்பு வரும். முதல் தரப்பார் நம்மைவிடத் தீவிரர்கள். 'அயல்நாட்டுச் செடி அனைத்தையும் வேரறுப்போம், சங்க காலச் செடிகளை மட்டும் வைப்போம்' என்பார்கள். அவர்களுக்கு நாம் தோழர் அல்லோம். சம்பங்கி மெக்சிகோவிலிருந்து வந்தது. நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. அதிலிருந்து எடுக்கும் மருந்தால் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் பிழைக்கிறார்கள். வந்தது எங்கிருந்து என்று நாம் கேட்கவில்லை. வந்த இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்கிறோம். அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை குளங்களை அடைத்தது, உண்ணிச்செடி காடுகளை அடைத்தது. சம்பங்கி எவர் வாயிலையும் அடைக்கவில்லை.

இரண்டாம் தரப்பாரின் மறுப்பை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. 'யாருக்கையா நேரம் இருக்கிறது? கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். பாம்பு வருகிறது, கொசு வருகிறது. முதியவர் ஒருவர் சருகில் வழுக்கி விழுந்தால் நீ வந்து தூக்குவாயா?' நியாயமான கேள்வி. அக்காலக் கொல்லை ஒரு பெண்ணின் நாளில் எத்தனை மணிநேரத்தை விழுங்கிற்று என்பதை எந்தப் பாட்டும் கணக்கெடுக்கவில்லை. அந்த உழைப்பை மீண்டும் ஒருத்தியின் தலையில் ஏற்றிவிட்டு நாம் திண்ணையில் அமர்ந்து அழகு பார்க்கச் சொல்லவில்லை. முதியவர் நடக்க மூன்றடிப் பாதைக்குக் கல் பாவுங்கள், யார் வேண்டாமென்றார்? முக்கால் கொல்லைக்கு ஏன்? நட்டு நிலைத்தபின் பல்லாண்டுச் செடியைப்போல் ஆள் கேட்காத ஒன்று இல்லை. அரளியும் நந்தியாவட்டையும் ஆடாதொடையும் வாரம் ஒருமுறைத் தண்ணீரில் வேனிலைக் கடக்கும். நாள்தோறும் நீரும் வாரந்தோறும் வெட்டும் கேட்பது அந்தப் புல்பாய்தான். 'பராமரிப்பே வேண்டாம்' என்று விற்கப்படும் பொருளுக்குத்தான் நம் தெருவில் மாதச் சம்பளத்துக்கு ஆள் வருகிறார்.

கொசுவைப் பற்றி: பேவர் பிளாக் இட்ட கொல்லைகளில் கொசு குறைந்ததாக நாம் காணவில்லை. நீர் இறங்க இடமில்லாமல் மூலையில் தேங்கினால் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? பாம்பைப் பற்றி நாம் துணிந்து ஒன்றும் சொல்வதற்கில்லை. வீட்டை ஒட்டிப் புதர் வேண்டாம், அவ்வளவே.

நம் தெருவில் ஒரு வீடு. உரிமையாளர்கள் வெளியூரில். அந்த அம்மையார் மறைந்த பின், பிள்ளைகள் இரு ஆண்டு பூட்டியே வைத்திருந்தார்கள். யாரும் நீர் ஊற்றவில்லை. ஆயினும் ஒவ்வொரு புரட்டாசியிலும் விடியலில் அவ்வீட்டு மதிலுக்கு வெளியே பவழமல்லி கொட்டிக் கிடக்கும். தெருவார் பொறுக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். பிறகு ஒரு சித்திரை விடுமுறையில் பிள்ளைகள் வந்து 'புதுப்பித்தார்கள்'. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அம்மாவின் வீடு பாழடையக்கூடாது என்ற எண்ணத்தில்தான் மூன்று லட்சம் செலவழித்தார்கள். எந்தச் செடியை எப்போது தொடலாம், எதைத் தொடவே கூடாது என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு குறிப்பேடு தமிழில் இல்லை. அம்மையாருக்குத் தெரிந்திருந்தது, யாரும் கேட்டெழுதவில்லை. பக்கத்தில் சிதம்பரத்திலேயே 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ்த்துறையும் உண்டு, வேளாண்புலமும் உண்டு. இவ்விரு புலத்து மாணவர்களும் சேர்ந்து ஓர் ஆண்டு, ஆவணி முதல் ஆடி வரை, இருபது கொல்லைகளை மாதந்தோறும் பார்த்து, எழுபது வயது கடந்த பெண்களிடம் கேட்டு எழுதினால் முனைவர் பட்டத்துக்குரிய ஆய்வாகும். முல்லைத்திணையில் காத்திருத்தல் பற்றிய நூற்றோராவது ஆய்வேடு ஓராண்டு காத்திருக்கட்டும்.

இந்த ஆடி விடுமுறையில் ஆள் வைத்துக் கொல்லையைக் கொத்தத் திட்டமிட்டிருப்போர் அருள்கூர்ந்து ஆவணி வரை அவரை வரவேண்டாமென்று சொல்லுங்கள். நல்ல மழை ஒன்று பெய்து பத்து நாள் ஆனபின், காலை வெயிலில் கொல்லைக்குள் இறங்கிப் பாருங்கள். வெறுந்தரை என்று நினைத்த இடங்களில் எங்கெங்கே முளை தெரிகிறதோ அங்கெல்லாம் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள். இன்னதென்று தெரியாவிட்டால் தெருவில் மிக மூத்த பெண்மணியை அழைத்து வந்து காட்டிக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். ஆளை அதன்பின் அழைக்கலாம்.